நாற்பது மீட்டரில் ஒரு மூன்று

குறுகலான எழுத்தை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. இடம் போதாமல் போகும்போதுதான் தேடி வருவார்கள். கதவு சின்னதாக இருக்கும், அதில் ‘காது மூக்கு தொண்டைப் பிரிவு’ என்று ஒரே வரியில் எழுத வேண்டியிருக்கும். மருந்து அட்டையின் முதுகு விரல் அகலம்தான் இருக்கும், சொல்ல வேண்டியது ஒரு பக்கம் இருக்கும். அப்போதுதான் எங்களைப் போன்றவர்களின் ஞாபகம் வரும்.

நான் எழுத்துரு வரைபவன். கம்ப்யூட்டரில் ஃபான்ட் என்கிறீர்களே, அதுதான். இருபத்தாறு வருடமாக இதுதான் என் தொழில். கல்யாணப் பேச்சின்போது என் மாமியார், “எழுத்தெல்லாம்தான் ஏற்கெனவே இருக்கே, இதுல புதுசா நீங்க என்ன செய்றீங்க?” என்று கேட்டார். அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பதில் சொன்னேன். திருப்தியாகவில்லை. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் போக்குவரத்துத் துறை நம்பர் பிளேட்டுகளுக்குப் புது எழுத்து கேட்டது. தகட்டின் அளவை மாற்ற முடியாது, ஆனால் வண்டிகள் பெருகிவிட்டதால் கூடுதலாக ஒரு இலக்கம் அதில் நுழைய வேண்டும். ஒல்லியாக இருக்க வேண்டும், அதே நேரம் நாற்பது மீட்டர் தூரத்தில், மழையில், பொழுது சாய்கிற வெளிச்சத்தில், கண்ணாடி போடாத ஒருவர் படிக்கும்படியும் இருக்க வேண்டும். நான் வரைந்த முதல் தாளைப் பார்த்துவிட்டு என் மனைவி, “ஒடிசலா இருக்கு, ஆனா நோஞ்சான் இல்ல” என்றாள். அதையே பெயராக வைத்தேன். ஒடிசல்.

அதன் முனைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். அழகுக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள். தகட்டில் எழுத்தைப் புடைக்க வைக்க இரும்பில் ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சைக் குடைகிற கருவி சுழல்கிற ஒன்று. சுழல்கிற எதுவும் கூர்மூலையைக் குடையாது, அதன் போக்கில் உருட்டித்தான் விடும். அதுவும் போக, கூர்மூலை இருந்தால் பெயின்ட் முதலில் அங்கேதான் உரியும், அழுக்கும் அங்கேதான் சேரும். ஆகவே எல்லா முனைகளையும் முதலிலேயே உருட்டிவிட்டேன். நம்பர் பிளேட்டுக்குப் பிறகு பேருந்துப் பலகைகளுக்குக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் கதவுகள், லிஃப்ட் பொத்தான்கள், மருந்து அட்டைகள், தண்ணீர் மீட்டர், சலவைக்குப் போகும் துணியில் தைக்கிற எண் பட்டை என்று எங்கும் போனது. என் எழுத்தைப் படிக்காமல் இந்த ஊரில் ஒருவர் ஒரு நாளைக் கழிப்பது கஷ்டம்.

இதில் மூன்று என்ற இலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

எந்த எழுத்தையும் இரண்டு பக்கமும் பிடித்து ஒடுக்கினால் அதன் வாய் மூடிக்கொள்ளும். மூன்றை ஒடுக்கினால் எட்டாகிவிடப் பார்க்கும். முனைகளை உருட்டினால் இன்னும் சீக்கிரம் மூடும். அந்த ஒரு இலக்கத்துக்கு எட்டு மாதம் செலவழித்தேன். மேல் வளைவையும் கீழ் வளைவையும் கொஞ்சம் பின்வாங்க வைத்தேன், நடுவில் இருக்கும் நாக்கைக் குட்டையாக்கினேன். மொட்டை மாடியிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளியிருந்த சுவரில் தகடுகளை மாட்டி, குழாயால் தண்ணீர் அடித்து நனைத்துவிட்டு, மனைவியைப் படிக்கச் சொல்வேன். அவள் ஒரு கையில் குடையோடு, “மூணு, எட்டு, எட்டு, மூணு. இன்னிக்குப் போதும், கழுத்து வலிக்குது” என்பாள். எட்டாவது மாதக் கடைசியில் அவள் ஒரு முறைகூடத் தவறவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வண்டி ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியின் எண்ணைப் படிப்பேன். நெருக்கத்தில் எந்தக் குப்பை எழுத்தும் தெரியும், ஆகவே வேகத்தைக் குறைத்து நாற்பது மீட்டர் பின்தங்கிப் படிப்பேன். மழை வந்தால் இன்னும் நல்லது. இதை ஆபத்தான பழக்கம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் மறுக்கவில்லை. தையற்காரர் மாவு அரைக்கப் போன இடத்திலும் அடுத்தவர் சட்டைக் காலரைப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான்.

தையற்காரர் என்று வாய் தவறிச் சொல்லவில்லை. இறந்தவர் தையற்காரர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. மாமியார் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி என்னை அனுப்பினாள். என் வண்டி ஒர்க் ஷாப்பில் இருந்ததால் பேருந்தில் போனேன். மாமியார் தனியாக இருந்தார். மாமனாரின் பழைய வெள்ளைக் கார் கொட்டகையில் நின்றது. அவர் காலமான பிறகு அத்தையின் பெயருக்கு மாற்றி, என் எழுத்தில் புது நம்பர் பிளேட்டும் போட்டிருந்தோம். அத்தைக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க மாதம் ஒரு முறை நான்தான் எடுத்து ஒரு சுற்று போய் வருவேன். குழாயைச் சரி செய்து முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சமும் சரியாக நான் சொன்ன அந்த வெளிச்சம். “அத்தை, வண்டிய ஒரு சுத்து எடுத்துட்டு வரேன்” என்றேன். “மழையிலயா?” என்றார். மாமனாரின் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

கிழக்குப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் எனக்கு முன்னால் ஒரு லாரி போனது. அதன் எண்ணில் இரண்டு மூன்றுகள் இருந்தன, ஒன்றின் மேல் சேறு. பின்தங்கிப் பார்த்தேன். சேறு பட்ட மூன்றும் மூன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்கினேன். இடது பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்தவரை நான் பார்க்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. மெத்தையை எடுத்துத் தரையில் போட்டால் வருமே, அவ்வளவுதான்.

இறங்கினேன். அவர் சாலை ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்த தைத்த துணிகள் சிதறியிருந்தன. எல்லாம் ஒரே அளவுச் சின்னச் சட்டைகள், ஏதோ பள்ளிக்கூடத்துச் சீருடையாக இருக்கும். அவர் கண் திறந்திருந்தது. பேசினார். “அண்ணே, கொஞ்சம் தூக்கி விடுங்க” என்றார். பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசை வாங்கி முன்னால் கொடுக்கச் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. “இதோ” என்றேன். சொன்னேன் என்பது உண்மை.

சொல்லிவிட்டு நான் வண்டிக்குப் பின்பக்கமாக நடந்தேன். நாற்பத்திரண்டு எட்டு வைத்தேன், என் நடைக்கு அது நாற்பது மீட்டர். திரும்பிப் பார்த்தேன். 4163 என்று இருந்தது. மழை கனத்துப் பெய்தது, தெருவிளக்கு இன்னும் போடவில்லை, வண்டியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. அந்த நிலையிலும் மூன்று வாயைத் திறந்துகொண்டு தெளிவாக நின்றது. மாடியில் எட்டு மாதம் பார்த்ததைவிட நன்றாகத் தெரிந்தது. இதை யாராலும் படிக்க முடியும் என்று புரிந்தது. புரிந்ததும் வேகமாகத் திரும்பி நடந்து, ஏறி, போய்விட்டேன். அவர் மேல் ஏற்றவில்லை, ஒதுக்கித்தான் எடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் பேருந்து நிழற்குடையில் ஓர் அம்மா நின்றிருந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். நான் நடந்து வந்ததை, நின்றதை, திரும்பிப் போனதை எல்லாம் பார்த்திருக்கிறார். மழைக்கோட்டின் தொப்பி முகத்தை மறைத்திருந்தது. உதவிக்கு ஆள் தேடுகிறேன் என்று முதலில் நினைத்தாராம். வண்டி கிளம்பியதும்தான் எண்ணைப் படித்து, மறந்துவிடக்கூடாதென்று சொல்லிக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். தையற்காரர் அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் உயிரோடு இருந்தார். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது அந்த அம்மாதான்.

கொட்டகையில் வண்டியை விட்டேன். முன்பக்கம் இடது விளக்கு உடைந்து, பம்பர் உள்ளே போயிருந்தது. அத்தை குடையோடு வந்து நின்று பார்த்தார். விளக்கைத் தொட்டுப் பார்த்தார். விரலை மழையில் நீட்டிக் கழுவிக்கொண்டார்.

“யாரு?” என்றார்.

“தெரியல அத்தை.”

“உயிரு இருக்கா?”

“இருந்துச்சு.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “பேட்டரியக் கழட்டுங்க மாப்பிள்ளை” என்றார். கழற்றினேன். உறையைப் போட்டு மூடச் சொன்னார். உள்ளே போய், வீடு கூட்டிய தூசியைக் குப்பை வாரியில் எடுத்து வந்து, உறையின் மேல் மாவு சலிப்பது மாதிரி தூவினார். கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொரு படியாகத்தான் போவார்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அந்த எண்ணும் வெள்ளை நிறமும் பொருந்துகிற வண்டி அத்தையுடையது. எழுபத்து நாலு வயது அம்மா, கையில் ஊன்றுகோல், கொட்டகையில் தூசி படிந்த உறை, பேட்டரி இல்லாத கார். வந்த காவலர் உறையை முழுதாக விலக்கவில்லை. “எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து அப்படியே நிக்குது” என்றாராம் அத்தை. காவலர் காபி குடித்துவிட்டுப் போனார். அன்று மாலை அத்தை எனக்குப் போன் செய்தார். “நான் பொய் சொன்னது உங்களுக்காக இல்ல மாப்பிள்ளை. எனக்கு ஒரே பொண்ணு” என்றார். போனை வைத்துவிட்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சாட்சி சொன்ன எண் தப்பாக இருந்தால் சரியான எண் எது என்று தெரிய வேண்டுமே. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அதிகாரி சுறுசுறுப்பானவர். துறைக்கு எழுதினார். துறை எனக்கு எழுதியது. கடிதத்தில் பெயர்கள் இல்லை. ‘மழையில் நாற்பது மீட்டர் தூரத்தில் மூன்று என்று படிக்கப்பட்ட இலக்கம் வேறு எந்த இலக்கமாக இருக்கக்கூடும் என்பது குறித்துத் தங்கள் கருத்து’ என்று கேட்டிருந்தார்கள். இந்த ஊரில் அதற்குப் பதில் சொல்லத் தகுதியான ஆள் நான் ஒருவன்தான்.

ஒரு வாரம் யோசித்தேன். வேறு எந்த இலக்கமாகவும் இருக்க முடியாது என்பதுதான் உண்மை. அப்படி எழுதினால் அவர்கள் மறுபடி கொட்டகைக்கு வருவார்கள், இந்த முறை உறையை எடுப்பார்கள். கருத்துச் சொல்ல முடியாது என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். எட்டாக இருக்கலாம் என்று எழுதினேன். குறுகலான உருண்டை எழுத்துகளுக்கு இயல்பாக உள்ள குறை இது, இதை முன்பே சொல்லாதது என் தவறு என்றும் எழுதினேன். என் பிள்ளையைத் திருடன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

4168 ஒரு ரொட்டிக் கடைக்காரருடைய வெள்ளைக் கார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை அடுக்கி, கடை கடையாக ரொட்டி போடுவார்கள். அதை ஓட்டியவர் அன்று அதே நேரத்தில் அதே பக்கம்தான் போயிருந்தார். மழைக்கோட்டு வைத்திருந்தார். பம்பரில் அடி இருந்தது, கடையின் கேட்டில் இடித்தது என்றார். மழை விடட்டும் என்று அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தியிருந்தேன் என்றார், பார்த்தவர் யாரும் இல்லை. எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அவரை அதற்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை.

சாட்சியின் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று வந்தது. ஒரு மைதானத்தில் ஏற்பாடு செய்தார்கள். இருபத்து நாலு தகடுகள், நாற்பது மீட்டர், தண்ணீர் தெளிக்க ஆள். தகடுகளைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. முந்தின வாரம் வீட்டில் ஒத்திகைக்காக, காரணம் சொல்லாமல், மனைவியைப் படிக்கச் சொன்னேன். எல்லாம் சரியாகப் படித்தாள். நல்ல எட்டை யாராலும் மூன்று என்று படிக்க முடியாது. ஆகவே நாலு தகடுகளில் எட்டை மாற்றி வரைந்தேன். இடது பக்க வளைவுகளை மயிரிழை அளவுக்கு மெலிதாக்கினேன். கிட்டே பார்த்தால் எட்டு. தூரத்தில் இடது பக்கம் கரைந்து மூன்றாகிவிடும். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே கேவலமான எழுத்து அதுதான்.

அந்த அம்மா நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இருபது தகடுகளையும் சரியாகச் சொன்னார். மாற்றிய நாலையும் ‘மூணு’ என்றார். சோதனை முடிந்ததும் அதிகாரி அவரைத் தகடுகளுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“இது எட்டா?”

“எட்டுதாம்மா” என்றேன் நான்.

“தூரத்துல மூணா இருந்துச்சே.”

“அப்படித் தெரியறது சகஜம்தான். உங்க மேல தப்பில்ல, எழுத்து மேலதான் தப்பு.”

அவர் ரொம்ப நேரம் அந்தத் தகட்டைக் கீழே வைக்கவில்லை. கோர்ட்டில் மறுபடி கேட்டபோதும், “நான் பார்த்தது மூணு. இங்க காட்டினதும் மூணாத்தான் இருந்துச்சு. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல” என்றார். வக்கீல் ஒருவர் சிரித்தார். பிறகு சலவைக்கூடத்தில் எண் பட்டை பார்த்துத் துணி பிரிக்கும் வேலையிலிருந்து அவரை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது பிழிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ரொட்டி வண்டிக்காரருக்கு ஏழு வருடம் கிடைத்தது.

அவருக்கு ஓர் அக்கா. தம்பியை வளர்த்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. தீர்ப்பு வந்த மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“நாப்பது மீட்டர் டேப் வச்சு அளந்து, அங்க நின்னு எடுத்தேன் சார். மழை வர்ற வரைக்கும் நாலு நாள் காத்திருந்தேன். எட்டு எட்டாத்தான் தெரியுது.”

“கேமரா வேற, கண்ணு வேறம்மா.”

“சரி சார். இதை வரைஞ்சது நீங்க. உங்க கண்ணுக்கு இது மூணு மாதிரி தெரியுதா?”

படத்தைப் பார்த்தேன். சாதாரண கேமராதான், கையும் லேசாக ஆடியிருந்தது. ஆனால் அந்த எட்டு, இரண்டு வயிறும் நிறைந்து, இடுப்பு சிக்கென்று, மழையில் குளித்த குழந்தை மாதிரி நின்றது. என் எழுத்தை அவ்வளவு நல்ல வெளிச்சத்தில் யாரும் படம் எடுத்ததில்லை.

“தெரியுது” என்றேன்.

அவர் அழவில்லை. தண்ணீரையும் குடிக்கவில்லை. எழுந்தபோது, “இந்தப் படத்தை நான் வச்சுக்கலாமா?” என்று கேட்டேன். மறுபடி யோசிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகம் மாறியது. “வச்சுக்கங்க சார். நல்லாப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாகத்தான் பார்த்தேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

என் நிலைமை எப்படி இருந்தது என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பு வந்ததும் அத்தை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னார். நாங்கள் அங்கே குடி போனோம். மனைவிக்கு ஏக சந்தோஷம். மாடியில் எனக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் கொட்டகை. காரை விற்க முடியாது, ரிப்பேர் செய்ய முடியாது, பழைய இரும்புக்குப் போட முடியாது. எதைச் செய்தாலும் காகிதம் அசையும், ஆள் வருவான். கொட்டகைச் சாவி அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் எனக்குத்தான் முதலில் பரிமாறுவார். நான் பத்து நிமிடம் தாமதமானால் போன் வரும். “எங்க இருக்கீங்க மாப்பிள்ளை? மழை வர்ற மாதிரி இருக்கு.” ஒரு நாள்கூட மிரட்டியதில்லை, குத்திக்காட்டியதில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு தடவை, போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

“போங்க. போறதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க. அதை மட்டும் என் தலையில கட்டாதீங்க.”

அறைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் போக்குவரத்துத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘ஒடிசல் எழுத்துருவில் மூன்று, எட்டு ஆகிய இலக்கங்கள் ஒன்றுபோல் தோன்றுவதாக அதன் வடிவமைப்பாளரே ஒப்புக்கொண்டிருப்பதால், அது படிப்படியாக விலக்கிக்கொள்ளப்படும்.’ அவர்கள் விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள். பேருந்துப் பலகை போனது. மருந்து அட்டை போனது. ஆஸ்பத்திரியில் கதவுப் பலகைகளைக் கழற்றியபோது நான் அங்கே இருந்தேன், மனைவிக்குப் பல் பார்க்கப் போயிருந்தோம். புதிதாக மாட்டியது அகலமான எழுத்து. தொண்டைக்கு இடம் இல்லாமல் அது தனியாக இரண்டாவது வரியில் கிடந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அத்தனை நாள் மாடியில நின்னு படிச்சேனே, கடைசியில ஒரு தடவைகூடத் தப்பா வரலையே” என்றாள். உன் கண் கூர்மை என்றேன்.

போன மாதம் எங்கள் தொழில்காரர்களின் கருத்தரங்கு நடந்தது. என்னைவிட இருபது வயது குறைந்த பெண் ஒருவர் பேசினார். மேடைத் திரையில் என் மூன்றை ஆள் உயரத்துக்குப் போட்டார். ஒரு வடிவம் ஒரு மனிதனின் உயிர் விஷயத்தில் எப்படித் தவறலாம் என்பதற்கு உதாரணம் என்றார். வாய் இவ்வளவு மூடியிருக்கிறது பாருங்கள் என்று குச்சியால் காட்டினார். மூடியிருக்கவில்லை. கண் இருக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் குறை தெரியத்தான் செய்கிறது. யாரோ சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலைத் தட்டினார். எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தக் குச்சி கீழே இறங்கிவிடும். அந்த வாக்கியத்தை என்னால் அங்கே சொல்ல முடியவில்லை.

இங்கே சொல்கிறேன். வியாழக்கிழமை அந்த வண்டியை ஓட்டியது நான். எண் 4163. கொட்டகைச் சாவி இந்தக் கவரில் இருக்கிறது, காலையில் அத்தை குளிக்கும்போது எடுத்தேன். தூசி தூவியது அவர்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், எதையும் விட வேண்டாம். நான் மாற்றி வரைந்த நாலு தகடுகளும் பக்கத்தில் என் நல்ல எட்டுகளும் இந்தப் பையில் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அக்கா எடுத்த புகைப்படமும் இருக்கிறது, அதை மடிக்காமல் வையுங்கள். மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் போகும்போது சொல்லிவிடுவார்கள் இல்லையா.

வாக்குமூலத்தின் முதல் பத்தியில், சாட்சி படித்தது முற்றிலும் சரி என்று போடுங்கள். மழையில், நாற்பது மீட்டரில், மூன்று மூன்றாகவே தெரிந்தது என்று. இதன் நகல் ஒன்று போக்குவரத்துத் துறைக்குப் போக வேண்டும்.

இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஏன் இப்போது என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான். வேறு என்ன? ஒரு குற்றமும் செய்யாமல், ஊர் முழுக்கக் கெட்ட பேர் சுமந்துகொண்டு, எனக்காக ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று கேட்கக்கூட வழியில்லாமல் நிற்கிறதைத் தினமும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் தூங்க முடியும்?

யார், ரொட்டி வண்டிக்காரரா?

ஆமாம். அவரும்தான்.